நாற்காலியாக இருந்த விறகு

பேராசிரியரின் பெயரும் புகழும் ஒரே ஒரு பதிலின்மேல் நின்றன. அந்தப் பதிலையும் அவர் சொல்லவில்லை. பேசக் கற்று ஓராண்டுகூட ஆகாத அவருடைய மகள் சொன்னாள்.

அந்த நாளின் கதை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கால் ஒடிந்த நாற்காலி ஒன்றைப் புரட்டிப் பார்த்த தச்சர், இனி இது தேறாது என்று சொல்லி, அதைப் பிளந்து பின்வாசலில் அடுக்கிவிட்டுப் போனார். பேராசிரியர் அப்போது வெறும் விரிவுரையாளர். மனித மனம் ஒரு பொருளை இன்னது என்று எதைக்கொண்டு முடிவு செய்கிறது என்பதைப் பற்றி எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருந்த காலம். பக்கத்துக் கொடியில் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை அடுக்கின் அருகே நின்றது. அவர் சும்மா கேட்டுவைத்தார்.

“இது நாற்காலியா?”

“இல்ல.”

“அப்ப விறகா?”

குழந்தை கொஞ்சம் யோசித்தது. “நாற்காலியா இருந்த விறகு.”

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்று வகுப்புக்கே போகவில்லை. ஒரு பொருள் முன்பு என்னவாக இருந்ததோ, அந்த நினைவையும் சேர்த்துத்தான் மனம் அந்தப் பொருளை அறிகிறது. இந்த அறிவு பிறவியிலேயே உள்ளது, வெளியிலிருந்து யாரும் ஊட்டுவதில்லை. இதுதான் அவருடைய முன்னுருக் கொள்கை. அதை விரித்து எழுதிய புத்தகம் பல பல்கலைக்கழகங்களில் பாடமானது. அதன் முதல் அத்தியாயத்தில் மகளின் பதிலுக்கு அடுத்த வரி இப்படி இருக்கும்: ‘இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.’ மாணவர்கள் அந்த வரியின்கீழ் கோடு போட்டுப் படித்தார்கள்.

பேராசிரியரின் குடும்பம் சொன்ன சொல்லை மாற்றாத குடும்பம். அவருடைய தந்தை நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர். ஒரு பொய்ச் சாட்சியத்தைப் பதிவு செய்யச் சொன்னார்கள் என்பதற்காகப் பேனாவை மூடி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவர். அந்த வீட்டில் பிறந்தவர் எழுதிய வரியை ஒருவர் சந்தேகப்படுவது என்றால், அது தத்துவ விவாதம் அல்ல, குடும்பத்தின்மேல் விழும் அடி. பேராசிரியர் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

சந்தேகப்பட்டவள் அவருடைய சொந்த மாணவி. துறையில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். ஆய்வு முடிகிற கட்டத்தில், உடைந்த பொம்மைகளையும் கிழிந்த குடைகளையும் பிளந்த நாற்காலிக் கால்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு மழலையர் பள்ளிகளாக ஏறி இறங்கினாள். குழந்தைகள் விறகை விறகு என்றன. உடைந்ததை உடைந்தது என்றன. ஒரு குழந்தைகூட முன்பு இருந்ததைப் பற்றிப் பேசவில்லை. கருத்தரங்கில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று கேட்டாள்.

“சார், உங்க பொண்ணுக்கு வீட்ல யாராவது சொல்லிக்கொடுத்திருக்கலாம் இல்லையா? அதைப் பாத்தீங்களா?”

பேராசிரியர் எழுந்தார். அவர் எழுந்தால் அறை சின்னதாகிவிடும்.

“என் வீட்ல பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து மேடை ஏத்துற வழக்கம் இல்ல. என் குடும்பத்தைக் கூண்டுல நிறுத்த உனக்கு யார் அதிகாரம் குடுத்தா?”

அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அதன்பிறகு பேராசிரியர் அவளுக்கு எதிராக ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆதரவாகவும் எழுதவில்லை. அந்தத் துறையில் அதுவே போதும். அவள் ஆய்வை முடிக்காமலே போய்விட்டாள்.

காலம் ஓடியது. பேராசிரியர் ஓய்வு பெற்றார். புத்தகத்தின் புதிய பதிப்பை வெளியிட்டு அவரைப் பாராட்டப் பல்கலைக்கழகம் விழா எடுத்தது. அதற்காக மகள் தன் சின்னப் பெண்ணோடு ஒரு வாரம் தங்க வந்தாள். மகள் பல் மருத்துவர். பேத்திக்கு வீட்டில் பெயர் வாண்டு. வாண்டு சாப்பாட்டைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளும் சாதி.

விழாவுக்கு முந்தின நாள் காலை, பேராசிரியர் பாதி மழித்த முகத்தில் சோப்பு நுரையோடு வெந்நீர் கேட்கச் சமையலறைப் பக்கம் போனார். வாசல் வரைக்கும்தான் போவார். உள்ளே கால் வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. உள்ளே மகள் வாண்டுவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“இது என்ன?”

“மாவா இருந்த ரொட்டி!”

“சபாஷ், ஆ காட்டு. இது?”

“பாலா இருந்த வெண்ணெய்!”

“அப்ப இது?” மகள் ஓர் உலர்ந்த திராட்சையைத் தூக்கிக் காட்டினாள்.

“திராட்சையா இருந்த… தாத்தா!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மகள் திரும்பிப் பார்த்தபோது, உண்மையான தாத்தா ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் நுரையோடும் வாசலில் நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஐயோ அப்பா, உங்களைச் சொல்லல. சுருக்கத்தைச் சொல்றா.”

“இந்த விளையாட்டு எங்கேருந்து வந்துச்சு?”

“எதுப்பா? ஊட்டுறதா? அம்மா எனக்கு இப்படித்தானே ஊட்டுவாங்க. சொன்னாத்தான் வாய்க்குள்ள போகும், சொல்லலைன்னா இல்ல. ஏம்பா, சோப்பு காயுது பாருங்க.”

பேராசிரியர் வெந்நீர் வாங்காமலே திரும்பினார்.

மனைவி முன்னறையில் விழாவுக்கான சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் வந்து நின்றார், உட்காரவில்லை.

“பிள்ளைக்கு ஊட்டும்போது, இது எதுவா இருந்துச்சுன்னு சொல்லவைக்கிற விளையாட்டு. அது உன்னோடதா?”

“என்னோடது இல்லைங்க, எங்க வீட்டோடது. எங்க வீட்ல அத்தனை பிள்ளைங்களும் அப்படித்தான் சாப்பிட்டோம். எங்க அண்ணன் இன்னைக்கும் காப்பியைப் பாத்தா ‘கொட்டையா இருந்த தண்ணி’ன்னுதான் கேப்பார். நீங்க அவரைக் கிறுக்கன்னு சொல்வீங்க.”

“நம்ம பொண்ணுக்கு எந்த வயசுலேருந்து?”

“பல்லு முளைச்சதுலேருந்து. ஏன், என்ன ஆச்சு?”

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “என் புத்தகத்தை நீ படிச்சதே இல்லையா?”

“முழுசா யார் படிப்பா? அந்த ஒரு பக்கத்தைப் படிச்சேன். அதுல நான் அடிக்குறிப்புல துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தேன்.”

“யாரும் சொல்லிக்கொடுக்கலைன்னு அதே பக்கத்துல எழுதியிருக்கே!”

“நான் எங்க சொல்லிக்கொடுத்தேன்? சாப்பாடுதானே ஊட்டினேன்.”

அவள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அதுதான் அவரை அடித்தது. அவள் மனதில் பாடம் என்பது வேறு, ஊட்டுவது வேறு. கருத்துகளின் எல்லையைப் பற்றி வாழ்நாளெல்லாம் எழுதியவர், தம் வீட்டில் அந்த எல்லை எங்கே ஓடுகிறது என்று ஒருமுறையும் பார்த்ததில்லை. குழந்தை மாடியில், தம் மேசையருகில் பேசியதையெல்லாம் வரி விடாமல் கவனித்தார். கீழே அடுப்படியில் அது என்ன கேட்டது, என்ன சொன்னது என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

மனைவிக்கு மெல்ல விளங்கியது. ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

“ஏங்க. இதைப் போய் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க.”

“எழுதினது தப்பு.”

“இருந்துட்டுப் போகட்டும். யார் குடி கெட்டுச்சு? நாளைக்குச் சபையில நம்ம பொண்ணு முன்வரிசையில உக்காரப் போறா. அந்தக் குழந்தை இவதான்னு கை தட்டித்தட்டியே வளத்துட்டாங்க. அவ புகுந்த வீட்ல இன்னும் அதைச் சொல்லித்தான் பெருமைப்படுறாங்க. அவ தலையில கல்லைப் போடாதீங்க.”

“பொய்யை வெச்சு என் பொண்ணு தலை நிமிர வேண்டாம்.”

“இது பொய்யா? நாற்காலியை நான் ஊட்டலையே! விறகையா ஊட்டுவாங்க?”

அந்த வாதம் அவருக்கும் தோன்றாமல் இல்லை. ரொட்டியிலிருந்து நாற்காலிக்குத் தாவியது குழந்தையே. அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். ஆனால் புத்தகத்தில் எழுதியிருப்பது அதுவல்ல. பேனாவை மூடி வைத்துவிட்டு வந்தவரின் மகன், பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு மழுப்புவதா? அவர் பாதி முகத்தை மழிக்காமலே மாடிக்கு ஏறிப்போனார்.

மதியம் அவர் கேள்விக்காரியைத் தேடிப் போனார். அவள் ஒரு சோப்பு நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தாள். கண்ணாடிச் சுவர்கள் கொண்ட சிறிய அறை. மேசைமேல் ஒரே மாதிரியான வெள்ளைச் சட்டைகள் வரிசையாக மடித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக அழுக்கு. எந்தச் சட்டை வரைக்கும் ஜனங்கள் சுத்தம் என்று ஒப்புக்கொள்கிறார்கள், எந்தச் சட்டையில் மறுக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அவள் தலையிலும் நரை ஓடியிருந்தது. அவரைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். பிறகு, எழுந்ததற்காகவே சற்று எரிச்சலோடு உட்கார்ந்தாள்.

“உக்காருங்க சார். சட்டையை மட்டும் தொட்டுடாதீங்க, வரிசை கலைஞ்சிடும்.”

அவர் நடந்ததைச் சொன்னார், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல். நிமிர்ந்த முதுகோடு உட்கார்ந்து, வேறு யாருடைய வழக்கையோ எடுத்துரைப்பது போலச் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. கேட்டு முடித்து, ஒரு சட்டைக் காலரை நீவிவிட்டாள்.

“இப்ப எதுக்கு வந்திருக்கீங்க சார்? மன்னிப்புக் கேக்கவா?”

அந்தச் சொல் அவர் வாய்வரைக்கும் வந்து நின்றது. “தகவல் சொல்ல வந்தேன்.”

“நீங்க மாறவே இல்ல.” அவள் குரலில் கோபம் இல்லை, அதைவிட மோசமான ஏதோ ஒன்று இருந்தது. “நான் அன்னைக்குக் கேட்டது உங்க வீட்டைப் பத்தி இல்ல சார். எந்த வீடா இருந்தாலும் கேட்டிருப்பேன். நீங்க அதை உங்க வீட்டுக் கதவைத் தட்டினதா எடுத்துக்கிட்டீங்க.”

“நாளைக்கு மேடையில உன் பேரைச் சொல்லலாம்னு இருக்கேன்.”

“வேண்டாம். இங்க எனக்கு நல்ல பேர் இருக்கு. அங்க இருந்து ஒண்ணும் எடுத்துட்டு வர வேண்டாம்.” பிறகு, தன்னை மீறி, பழைய கேள்விக்காரி தலையைச் சாய்த்தாள். “ஒண்ணு மட்டும் கேக்கறேன். நாற்காலியை அம்மா சொல்லிக்கொடுக்கலைன்னா, புள்ளையே தாவிப் பிடிச்சிருக்கு. அது சின்ன விஷயம் இல்ல. ஆனா நீங்க எழுதின விஷயமும் இல்ல. பதில் சொல்றதுக்கு முன்னாடி புள்ளை யாரைப் பாத்துச்சு?”

“என்ன கேக்குறே?”

“நர்சரியில நான் அதைத்தான் முதல்ல குறிப்பேன். குழந்தைங்க சட்டுனு சொல்லாது. முதல்ல ஒரு முகத்தைப் பாக்கும். சொல்லலாமா, இதுவும் அந்த விளையாட்டுதானான்னு கேக்குற மாதிரி. உங்க வீட்டம்மா அங்க துணி காயப்போட்டுக்கிட்டு இருந்தாங்க இல்லையா?”

“அவ யாரையும் பாக்கல,” என்றார் பேராசிரியர் உடனே.

“சரி சார்,” என்றாள் அவள். அந்தச் ‘சரி’யில் விவாதம் எதுவும் இல்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுச் சட்டைகளிடம் திரும்பினாள்.

மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். சபையில் பின்னாலிருந்து அடிப்பது அவர் குலத்து வழக்கம் அல்ல. மறுநாள் விழாவுக்குப் புறப்படும் முன் மாடிக்கு அழைத்துச் சொன்னார். மகள் காதில் தோட்டைத் திருகிக்கொண்டே கேட்டாள். பாதியில் கை நின்றுவிட்டது.

“ஆனா நாற்காலியை நான்தானேப்பா சொன்னேன்?”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா?”

“எனக்குத் தெரியாதும்மா. தெரியாததைத் தெரியும்னு இனி சொல்ல மாட்டேன்.”

“என் கிளினிக்ல அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன். பயந்து அழற குழந்தைங்களுக்கு அதைக் காட்டித்தான் பேச்சுக் குடுப்பேன், தெரியுமா உங்களுக்கு?” அவள் தோட்டைத் திருகி முடித்தாள். “நான் பேசின முதல் நல்ல பேச்சு அது. அதையும் நீங்களே குடுத்து நீங்களே வாங்கிக்கிறீங்க. நல்லா இருக்குப்பா.”

அவர் அறிந்த நேர்மையில் இதற்குப் பதில் இல்லை.

அரங்கம் நிறைந்திருந்தது. துறைத்தலைவர் ஒரு காலத்தில் அவரிடம் படித்தவர்; நாற்காலிக் கதையை அவரைவிட அழகாகச் சொல்வார். சொல்லி முடித்து, வழக்கம்போல முன்வரிசையை நோக்கிக் கையை நீட்டினார்.

“அந்தக் குழந்தை இன்று நம்மோடு இருக்கிறார்! கொஞ்சம் எழுந்து நிற்க வேண்டும்!”

கைதட்டல் எழுந்தது. மகள் எழவில்லை. மடியில் வாண்டுவை இறுக்கிப் பிடித்தபடி தரையைப் பார்த்திருந்தாள். பக்கத்தில் அவள் அம்மா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள், இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்பது போல. கூச்சப்படுகிறார் என்று நினைத்துக் கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது.

பேராசிரியர் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார். தாள் எதுவும் எடுத்துவரவில்லை.

“என் புத்தகத்தில் ஒரு வரி தவறு. இதை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று எழுதினேன். என் வீட்டில் அவளுக்கு அப்படிப் பேசப் பழக்கியிருந்தார்கள். உணவோடு பழக்கினார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை. நான் கேட்கவில்லை. கேட்ட ஒருவரை நான் கேட்கவிடவில்லை. அந்த வரியின்மேல் கட்டியது எதுவும் இனி என் பெயரால் நிற்க வேண்டாம்.”

அவர் எதற்கும் தயாராக நின்றார்: கூச்சலுக்கு, ஏளனத்துக்கு, யாராவது எழுந்து வெளியே போவதற்கு. நடந்தது வேறு. துறைத்தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“பாருங்கள்! எவ்வளவு பெரிய மனது! தம் கொள்கையின் பெருமையைக்கூடத் தம் வீட்டுப் பெண்களின் ஊட்டலுக்கு விட்டுக்கொடுக்கிறார்!”

அரங்கமே எழுந்து நின்று தட்டியது. பேராசிரியர் கையை உயர்த்தினார். வணக்கம் சொல்கிறார் என்று எண்ணி மேலும் தட்டினார்கள். “நான் பணிவுக்காகச் சொல்லவில்லை,” என்றார். அது யார் காதிலும் விழவில்லை. புதிய பதிப்பைப் பட்டு நாடா அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார்கள். முதல் அத்தியாயம் அப்படியே அச்சாகியிருந்தது, அந்த வரியோடு.

வாழ்க்கையில் ஒருமுறைதான் அவர் சபை நடுவில் தம்மைத் தாழ்த்திக்கொண்டார். அதையும் யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. முன்வரிசையில் அதை நம்பியது இரண்டே பேர். இருவரும் கை தட்டவில்லை.

வீடு திரும்பும் வழியில், காரில், “எல்லாரும் ஏன் தாத்தாவைத் திட்டினாங்க?” என்று வாண்டு கேட்டாள்.

“திட்டலடி. தட்டினாங்க,” என்றாள் மகள். வாண்டு அதை நம்பவில்லை.

மறுநாள் காலை அவர் மாடியிலிருந்து இறங்கினார். சமையலறையில் பேச்சுச் சத்தம் இல்லை. தட்டில் கரண்டி படும் ஓசை மட்டும் கேட்டது. வாசலில் நின்று பார்த்தார். மகள் ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள், எதுவும் கேட்கவில்லை. வாண்டு வாயை இறுக மூடியிருந்தாள். மனைவி அடுப்பின் பக்கம் திரும்பி நின்றாள்.

“ஒரு வாய் வாங்கிக்கடி,” என்றாள் மகள் அலுப்போடு. “ஊருக்குப் போகணும் நாம. போய் கிளினிக்ல மாட்டின அந்தச் சட்டத்தை வேற கழட்டணும்.”

பேராசிரியர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தார். மூவரும் அவரைப் பார்த்தார்கள். உட்காரத் தோதாக எதுவும் இல்லை. காய் நறுக்கும் குட்டை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சில் இடித்தது. மகளின் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியை எடுத்து வாண்டுவின் முகத்தருகே நீட்டினார்.

“இது என்ன?”

வாண்டுவுக்குப் பதில் தெரியும். அது நாக்கின் நுனியில் நிற்பது கன்னத்தின் உப்பலிலேயே தெரிந்தது. ஆனால் அவள் பதில் சொல்லவில்லை. மெல்லத் தலையைத் திருப்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

அம்மாவின் முகத்தில் சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. குழந்தை பார்த்துக்கொண்டே இருந்தது. நீட்டிய ரொட்டியோடு பேராசிரியர் அந்தப் பார்வையைத் தொடர்ந்தார். எத்தனையோ குழந்தைகளைப் பற்றி எழுதியவர், ஒரு குழந்தையின் கண் போகும் திசையை அன்றுதான் பார்த்தார்.

அந்தப் பழைய நாளில், பின்வாசலில், மகள் யாரைப் பார்த்தாள்? எவ்வளவு முயன்றும் அவருக்கு நினைவு வரவில்லை. கொடியில் துணி அசைந்தது தெரிந்தது. பிளந்த கால்களும், ஒடிந்த சாய்மானமும், அதன் ஒவ்வொரு சிராய்ப்பும் தெரிந்தன. மகளின் முகம் மட்டும் இல்லை. அன்று அவர் பார்த்துக்கொண்டிருந்தது நாற்காலியை.